தலைக்குள்ள இரத்தத்தை எடுக்கேக்க பழைய சிஸ்டையும் (நீர்ப்பையையும்) திறக்கிறதா?

நியூரோசர்ஜரி பார்க்கிற சேர்மார், மிஸ்மார் ஆராவது சொல்லுங்க. அக்கரைப்பற்றுப் பக்கப் பொடியன், வயது 19. மோட்டார் சைக்கிளில விழுந்து 3 கிழமை. தலையிடி, சத்தி, ஜி.சி.எஸ். (நினைவு அளவு) 15க்கு 14. சீ.ரீ.யில இடப்பக்கம் சப்டியூரல் (மூளை உறைக்குக் கீழ) இரத்தம் 14 மி.மீ. தடிப்பு, மூளையின்ட நடுக்கோடு 7 மி.மீ. தள்ளியிருக்கு. கீழ டெம்போரல் (பொட்டுப் பக்க) முனையில பழைய அரக்னொயிட் சிஸ்ட் (மூளை நீர் நிரம்பின பை), கலாசி 2 (நடுத்தர அளவு).

இரத்தம் எடுக்கத்தான் வேணும், அதில கேள்வி இல்ல. என்ட எண்ணம், பேர் ஹோல் (மண்டையோட்டில சின்னத் துளை) போட்டு இரத்தத்தை மட்டும் கழுவி எடுத்து, உறிஞ்சல் இல்லாத ட்ரெயின் குழாய் 48 மணித்தியாலம் விடுறது. துளை சிஸ்டுக்கு மேல வரப்படாது, பரைட்டல் (மண்டையின்ட மேல்) பக்கம்தான். சிஸ்ட் சுவர் கிழிஞ்சா சீ.எஸ்.எஃப். (மூளை நீர்) சப்டியூரலுக்க வந்துகொண்டே இருக்கும், ஹைக்ரோமாவா (தேங்கின நீரா) நிக்கும். கிரேனியோட்டமி (மண்டையோட்டைத் திறக்கிற ஒப்பரேஷன்) செய்து சிஸ்டை அடிச் சிஸ்டேர்னுக்கு (மூளையடியில நீர் இருக்கிற இடத்துக்கு) திறக்கிறதெண்டா கரோட்டிட் இரத்தக் குழாய்க்கும் கண்ணை அசைக்கிற மூண்டாம் நரம்புக்கும் பக்கத்தில வேலை. அழுத்தம் கூடின மூளையில இப்பவே அது வேணுமா?

ஒண்டுதான் யோசினை: சிஸ்டுக்குள்ளயும் அடர்த்தி கூடத் தெரியுது. உள்ளுக்கும் இரத்தமெண்டா பேர் ஹோல் மட்டும் காணுமா? திரும்ப இரத்தம் சேர்ந்த கேஸ் பார்த்த ஆக்கள், எத்தனையாம் கிழமை எம்.ஆர்.ஐ. எடுத்தீங்க, எந்த நிலையில சிஸ்டைத் திறந்தீங்க எண்டு எழுதுங்க. தகப்பன் "அந்தப் பையையும் சேர்த்து எடுங்க" எண்டு கேட்டு நிக்கிறார். பின்னேரத்துக்குள்ள பதில் கிடைச்சா பெரிய உதவி. அதுக்கு முன்னம் நினைவு மங்கினா, கண்மணி விரிஞ்சா, உடனே தியேட்டர்தான்.