ட்ரூ/ஃபால்ஸ் விழாவில் நீங்கள் சந்தித்த மனிதர்கள்: அனுபவப் பகிர்வு

கும்பகோணத்தான்

கொலம்பியாவுக்கு வந்து எனக்கு ஒன்பது வருடம் ஆகிறது. மிசௌரி மாநிலத்தில், கேன்சஸ் சிட்டிக்கும் செயின்ட் லூயிஸுக்கும் நடுவழியில், ஐ-70 நெடுஞ்சாலையில் இருக்கும் பல்கலைக்கழக ஊர். 2020 கணக்கெடுப்பில் சுமார் 1,26,000 பேர். எங்கள் கும்பகோணத்தைவிடச் சின்னது. இந்த ஊரில் 2004 முதல் ஆவணப்படங்களுக்கென்றே ஒரு விழா நடந்து வருகிறது. பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாள். பெயரே ட்ரூ/ஃபால்ஸ், அதாவது மெய்/பொய்.

இந்த இழையில் படங்களுக்கு விமர்சனம் வேண்டாம். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு யாரைப் பார்த்தீர்கள், என்ன பேசினீர்கள், அதை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

நான் முதல் தடவை போனது மிசௌரி தியேட்டருக்கு. 1928-ல் கட்டிய அரங்கம், ஆயிரத்துக்கு மேல் இருக்கைகள், மேலே பெரிய சரவிளக்கு. அன்றைய படம் ஒரு அம்மாவையும் நோயாளியான அவருடைய மகளையும் பற்றியது. கனமான படம்தான். ஆனால் நடுவில் ஒரு காட்சியில் அந்த அம்மா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு மறந்து, வீடு முழுக்கப் புகை மண்டி, அம்மாவும் மகளும் ஜன்னல் ஜன்னலாக ஓடித் திறப்பார்கள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். என் வரிசையில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

படம் முடிந்தது. இயக்குநர் மேடைக்கு வந்தார். இரண்டு கேள்விக்குப் பதில் சொன்னார். அப்புறம் கையை நீட்டி ஒருவரை அழைத்தார். எனக்கு நேர் முன்வரிசையில், இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்த பெண் எழுந்து நடந்தார். அந்த அம்மா! ஒன்றரை மணி நேரம் அவருடைய பின்தலையைப் பார்த்துக்கொண்டுதான் நான் அவருடைய வாழ்க்கையைப் பார்த்திருக்கிறேன். நான் சிரித்தது அவர் காதில் விழாமல் இருந்திருக்காது. கை கால் சில்லிட்டுப் போனது எனக்கு.

மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று வெளியே காத்திருந்தேன். வந்தார். "நான்தான் அந்தப் புகைக் காட்சியில் சிரித்தேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நன்றி. அந்த இடத்தில் என் மகளும் சிரிப்பாள். மற்றவர்கள் எங்களைப் பார்த்து அழ மட்டும் செய்கிறார்கள்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. குளிரில் ஒன்பதாம் தெருவில் வெகுநேரம் நடந்தேன். ஆவணப்படத்தில் வருகிற ஆள் எங்கேயோ ஒரு ஊரில் இல்லை, நம் பக்கத்து இருக்கையிலும் இருக்கலாம் என்பது அன்றைக்கு என் மனதில் பதிந்தது. இப்போதும் எந்தப் படத்தைப் பார்த்தாலும், அதில் வருபவர் பக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் உட்காருகிறேன்.

பாளையங்கோட்டை

அண்ணா, நான் நாலு வருடமாகத் தன்னார்வலராகப் போகிறேன். வாசலில் நிற்பது, டிக்கெட் பார்ப்பது, காலி இருக்கை எண்ணுவது. அதனால் எனக்குப் படத்தைவிட வரிசைதான் நன்றாகத் தெரியும்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். இங்கே 'கியூ' என்று ஒரு ஏற்பாடு உண்டு. படத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் அரங்க வாசலுக்கு வந்தால் எண் போட்ட சீட்டு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு போய்க் காபி குடித்துவிட்டு வரலாம். உள்ளே எத்தனை இருக்கை காலி என்று நாங்கள் எண்ணிச் சொன்னதும் எண் வரிசைப்படி விடுவார்கள். இதை நடத்துகிறவருக்குப் பெயர் கியூ குயின். தலையில் பெரிய அலங்காரம், பளபளக்கும் உடை. தூரத்தில் இருந்தே தெரியும்.

அரங்கம் என்றால் சினிமா தியேட்டர் மட்டும் இல்லை. ஹிட் தெருவில் ராக்டேக் என்ற தியேட்டர் இருக்கிறது, அதுகூட முன்பு கோகோ கோலா பாட்டிலில் அடைக்கும் ஆலை. ப்ளூ நோட் மற்ற நாளெல்லாம் பாட்டுக் கச்சேரி நடக்கும் இடம். தேவாலயத்தில் கூடப் படம் போடுவார்கள். என்னை முதல் வருடம் அப்படி ஒரு தேவாலயத்தில்தான் நிறுத்தினார்கள். மரப் பெஞ்சில் மக்கள், முன்னால் திரை.

அங்கே என்னோடு நின்றவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர். வேலையில் இருந்த காலத்தில் இந்த நாலு நாளுக்காகவே விடுப்பைச் சேர்த்து வைப்பாராம். எனக்குக் கையுறை இல்லை என்று பார்த்துவிட்டுத் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார். "எங்கிருந்து வருகிறாய்?" என்றார். திருநெல்வேலி என்றதும் அது எங்கே, ஆறு இருக்கிறதா, என்ன பயிர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தாமிரபரணியைப் பற்றி இந்த ஊரில் என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். அடுத்த வருடம் நான் போனபோது, "உன் ஆற்றில் இந்த வருடம் தண்ணீர் இருக்கிறதா?" என்றார். மறக்கவே இல்லை. விழா முடிந்தும் மாதம் ஒரு தடவையாவது அவர் வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

வடமராட்சி

நான் செயின்ட் லூயிஸில் இருக்கிறேன். இரண்டு மணித்தியால ஓட்டம். ஒரு வருடம் சினேகிதி ஒருத்தி கூட்டிக்கொண்டு போனாள்.

நாங்கள் பார்த்தது லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றைப் பற்றிய படம். பிள்ளைகளைக் காணாமல் தேடித் திரிகிற தாய்மார். கையில் பிள்ளைகளின் படம், சட்டம் போட்ட படம், பிளாஸ்டிக்கில் சுற்றிய படம். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. கீழே ஓடின ஆங்கிலத்தையும் கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நான் வாசிக்கவில்லை. என் சித்தப்பாவின் மகனை 2009-க்குப் பிறகு காணவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் 2017 பெப்ரவரியில் தொடங்கின கிளிநொச்சிப் போராட்டத்தில் சித்தியும் போய் இருந்தவர். அவர் கையில் இருக்கும் படமும் அப்படித்தான், ஓரத்தில் ஈரம் ஊறி நிறம் மாறின படம்.

கேள்வி கேட்கிற நேரம் கையை உயர்த்தினேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து தந்தார்கள். எனக்குக் குரல் வரவில்லை. சும்மா நின்றேன். முழு அரங்கமும் காத்திருந்தது. ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் "நன்றி" என்று மட்டும் சொல்லிப்போட்டு இருந்துவிட்டேன்.

வெளியே வந்தால் இயக்குநர் என்னைத் தேடிக்கொண்டு வருகிறார். "நீங்கள் எதையோ கேட்க இருந்தீர்கள்" என்றார். வீதியோரம் நின்று கதைத்தோம். தொலைபேசியில் சித்தியின் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, சித்தியின் முகத்தைப் பார்க்கவில்லை, சித்தி பிடித்திருக்கிற படத்தைப் பார்த்தார். "பெயர் என்ன?" என்றார். தம்பியின் பெயரைச் சொன்னேன். திருப்பிச் சொன்னார், பிழையாக. நான் திருத்தினேன். மூன்றாம் முறை சரியாகச் சொன்னார். எத்தனையோ வருடமாக அந்தப் பெயரை எங்கள் வீட்டுக்கு வெளியில் ஒருவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று இரவே சித்திக்கு எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்தத் தாய்மாருக்குப் பிள்ளைகள் கிடைச்சதோ?"

சேலத்துக்காரன்

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

ஆனால் மனதில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கஷ்டப்பட்ட ஒருவரை மேடையில் நிறுத்தி, டிக்கெட் வாங்கிய ஆயிரம் பேர் கேள்வி கேட்பது சரியா என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் தோன்றுகிறது. படம் எடுத்தவருக்குப் பெயர் கிடைக்கிறது. படத்தில் வந்தவருக்கு? ஒரு தடவை ஒரு பார்வையாளர் கேட்ட கேள்விக்கு மேடையில் இருந்த பெரியவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தேன். அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து வந்துவிட்டேன்.

கும்பகோணத்தான்

தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. எனக்கும் இதில் முழுப் பதில் கிடையாது. கேள்வி கேட்கிறவர்கள் எல்லாரும் யோசித்துக் கேட்பதில்லை, அது உண்மை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்த விழாவில் 'ட்ரூ லைஃப் ஃபண்ட்' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரு படம் தேர்ந்தெடுத்து, அதற்காக ஊர்மக்களிடம் திரட்டும் பணத்தைப் படத்தில் வருபவர்களுக்கே கொடுக்கிறார்கள். இயக்குநருக்கு இல்லை. கதை கொடுத்தவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று ஒப்புக்கொள்கிற ஏற்பாடு அது. பணத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்படி யோசிக்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது. முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று படங்களைப் போட்டிக்கு விடுவதும் இங்கே கிடையாது. அதனால்தானோ என்னவோ, இயக்குநர்கள் ஒருவர் படத்துக்கு ஒருவர் வந்து கடைசி வரை உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

'கேம்ப்ஃபயர் ஸ்டோரீஸ்' நிகழ்ச்சிக்குப் போயிருக்கிறீர்களா? படமாக்க முடியாமல் போனதை, கேமராவை இறக்கி வைத்துவிட்ட தருணத்தை, இயக்குநர்கள் கதையாகச் சொல்வார்கள். உங்கள் கேள்வி அங்கே பல தடவை அவர்கள் வாயாலேயே வரும். ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

ஆய்வு மாணவி

2020-ஐ யாரும் எழுதவில்லையே. மார்ச் 5 முதல் 8 வரை நடந்தது. வெள்ளிக்கிழமை மார்ச் 6-ந் தேதி, டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் நடக்க இருந்த சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற பெரிய விழா கொரோனாவால் ரத்து என்று செய்தி வந்தது. நாங்கள் வரிசையில் நின்று போனில் அதைப் படித்தோம். அப்புறம் உள்ளே போய்த் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். 11-ந் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிகாகோவில் இருந்து வந்த வயதான ஒளிப்பதிவாளர். நான் இதழியல் துறை மாணவி என்றதும் (1908-ல் தொடங்கிய பள்ளி, இந்த ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமை) என் நோட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தார்: முதலில் உட்கார், பிறகு கேமராவை எடு. அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் எந்தக் கூட்டத்திலும் உட்காரவில்லை. அந்த நோட்டை மேசையிலேயே வைத்திருந்தேன்.

2021-ல் விழாவை மே மாதத்துக்குத் தள்ளி, ஸ்டீஃபன்ஸ் ஏரிப் பூங்காவில் திறந்தவெளியில் நடத்தினார்கள். இருட்டின பிறகுதான் திரையே தெரியும். ஊர்த் திருவிழாவில் வெள்ளை வேட்டி கட்டிப் படம் போட்டதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். புல்லில் உட்கார்ந்தபோது அதுதான் ஞாபகம் வந்தது. முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும் தெரிகிற மனிதர்கள். யாரோடும் பேசவில்லை. ஆனாலும் எல்லாரையும் பார்த்துவிட்டது போல இருந்தது.

பாளையங்கோட்டை

இன்னொன்று. போன வருடம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சமும் வராது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் 'மார்ச் மார்ச்' ஊர்வலத்துக்கு முதலில் கூட்டிப் போனேன். பெரிய பொம்மைகள், முரசு, முகமூடி, பிள்ளைகள் எல்லாரும் ஒன்பதாம் தெருவில் வருவார்கள். யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். அம்மா பட்டுச்சேலைக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். கொம்பு வைத்த ஒரு சின்னப் பெண் வந்து கையைப் பிடித்து இழுத்தாள். அம்மா போய்விட்டார்கள்! நான்தான் பின்னால் ஓடினேன்.

அப்புறம் படத்துக்கு. இங்கே ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் யாராவது பாட்டுக்காரர் வந்து வாசிப்பார்கள். தொப்பி வரிசையாகக் கைமாறி வரும், நம்மால் முடிந்ததைப் போடலாம். அன்றைக்கு ஒருவர் வயலினில் ஏதோ கிராமத்து மெட்டு வாசித்தார். அம்மா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்கள். தொப்பி வந்தபோது என்னிடம் பணம் கேட்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஊரிலிருந்து கொண்டு வந்த நூறு ரூபாய்த் தாளைப் போட்டார்கள். "அம்மா, அது இங்கே செல்லாதும்மா" என்றேன்.

படம் முடிந்து வெளியே வரும்போது அந்த வயலின்காரர் வாசலில் நின்றிருந்தார், கையில் அந்தத் தாளோடு. யார் போட்டது என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அம்மாவைக் காட்டினேன். அவர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அம்மா தமிழிலேயே சொன்னார்கள்: "நல்லா வாசிச்ச ராசா. சாப்பிட்டியா?"

நான் மொழிபெயர்த்தேன். இன்னும் இல்லை என்றார். மூன்று பேருமாகப் பீட்சா கடைக்குப் போனோம்.