ரன் கீயில் பேர் இருந்தால் கிளாக்கர்தான் குற்றவாளியா?

ஹட்டன் பனி:
ஒரு தோட்டத்து ஆபீஸ் கணினி என் கைக்கு வந்திருக்கிறது. கிளாக்கர் (குமாஸ்தா) லாகின் ஆனதும் ஒரு புரோகிராம் தானாகக் கிளம்பி செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) ஃபைல்களை வெளியே அனுப்பியிருக்கிறது. டிஸ்க்கை நகலெடுத்து அவருடைய விண்டோஸ் கணக்கின் அமைப்புகள் இருக்கும் என்டியூசர்.டாட் ஃபைலைத் திறந்தேன். அதிலுள்ள ரன் கீயில், அதாவது லாகினில் தானாகக் கிளம்பவேண்டியவற்றின் பட்டியலில், அந்தப் புரோகிராமின் பேர் இருக்கிறது. கீ கடைசியாக மாறியது சனிக்கிழமை இரவு 7:40. அப்போது ஆபீஸில் அவர் மட்டும்தான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பண்டாரவளை ரயில்:
செக்ரோலில் பேர் விழுந்தால் ஆள் மலைக்கு வேலைக்குப் போய்விட்டான் என்று அர்த்தமா? ரன் கீ என்பது 'லாகினில் இதைக் கிளப்பு' என்ற உத்தரவு, அவ்வளவுதான். ஓடியதா என்று அது சொல்லாது. அந்த நேரமும் கீ முழுவதற்கும் ஒன்றுதான். உள்ளே பத்துப் பதிவு இருந்தால் எதைத் தொட்டாலும் மாறும்.

ஹட்டன் பனி:
அண்ணே, வக்கீல் மாதிரிப் பேசாதீர்கள். அவருடைய கணக்கில்தானே இருக்கிறது?

பண்டாரவளை ரயில்:
அந்தக் கணக்கில் ஓடும் எந்தப் புரோகிராமும் அங்கே எழுதலாம். அட்மின் அனுமதிகூடத் தேவையில்லை.

தலவாக்கலை அக்கா:
கொஞ்சம் நில்லுங்கள். தம்பி, 7:40 எந்த ஊர் நேரம்? ரெஜிஸ்ட்ரி (இந்தக் கீகள் இருக்கும் விண்டோஸ் அமைப்புப் பதிவேடு) யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் எழுதும். டூல் மாற்றிக் காட்டாவிட்டால் இலங்கை நேரத்துக்கு 5:30 மணி கூட்டு. ஞாயிறு அதிகாலை 1:10 வருகிறது.

ஹட்டன் பனி:
ஐயோ, யூடிசிதான். தலையில் அடித்துக்கொள்கிறேன். அதற்காக ரன் கீயே வேண்டாமா?

பண்டாரவளை ரயில்:
யார் வேண்டாம் என்றது? ஸ்டார்ட்அப் ஃபோல்டர், டாஸ்க் ஷெடியூலர், சர்வீஸ், டபிள்யூஎம்ஐ என்று புரோகிராமைத் தானாகக் கிளப்பும் மற்ற இடங்கள் எல்லாவற்றையும் பார். ஒரே புரோகிராம் இரண்டு மூன்று இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தலவாக்கலை அக்கா:
அதெல்லாம் அப்புறம். எனக்கு முதலில் ப்ரீஃபெட்ச்தான், அதாவது ஒரு புரோகிராம் ஓடும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் ஃபைல். விண்டோஸ் 8 முதல் கடைசி எட்டு ஓட்டங்களின் நேரம் அதில் இருக்கும். ஃபைல் உருவான நேரம் பெரும்பாலும் முதல் ஓட்டத்தை ஒட்டியே இருக்கும்.

ஹட்டன் பனி:
பார்த்துவிட்டேன். ப்ரீஃபெட்ச் உருவானது சனி பின்னேரம் 4:05, இந்த முறை 5:30 கூட்டித்தான் சொல்கிறேன். அப்போது கிளாக்கர் இருந்தார். ஆனால் பிரிண்ட் எடுக்க பென் டிரைவோடு மூன்று பேர் வந்து போனார்களாம். யூஎஸ்பி பதிவுகளைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.