சுவரும் சன்னலும் இடம் மாறாமல் ஏஐ-யிடம் உள்ளலங்கார மாதிரிகள் பெறுவது எப்படி?

கேள்வி: ராயபுரம் வரைவாளர்

அனைவருக்கும் வணக்கம். ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் பழைய வீடுகளைப் புதுப்பிப்பதற்கு வரைபடம் போட்டுக் கொடுத்து வருகிறேன். இப்போது கையில் இருப்பது தண்டையார்பேட்டையில் அரை கிரவுண்டு மனையில் உள்ள ஒரு பழைய வீடு. முகப்பு 20 அடி, நீளம் 60 அடி. இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர்கள் ஒட்டி நிற்பதால், முன்பக்கம், பின்பக்கம், நடு முற்றம் ஆகிய மூன்றின் வழியாகத்தான் வெளிச்சமும் காற்றும் வரும். மேலே மெட்ராஸ் டெரஸ் மாடி (மரக்கட்டைகள் மேல் செங்கல் அடுக்கிய பழைய முறை).

வீட்டுக்காரரின் மகள் கூடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, ஒரு ஏஐ செயலியில் கொடுத்து, பல மாதிரிகளை உருவாக்கிக் கொண்டுவந்திருக்கிறார். வீட்டில் எல்லோருக்கும் அவை மிகவும் பிடித்துவிட்டன. ஆனால் ஒரு படத்தில் முற்றத்துப் பக்கச் சன்னல் நகர்ந்திருக்கிறது; இன்னொன்றில் கூடத்துக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே உள்ள சுவரே காணவில்லை; மாடிப்படி படத்துக்குப் படம் இடம் மாறுகிறது. அந்தப் பெண்ணின் ஆர்வத்தைக் குலைக்க எனக்கு மனமில்லை. உள்ள அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு மேற்பூச்சு, தரை, அலமாரி ஆகியவற்றை மட்டும் மாற்றிக் காட்டச் செய்ய வழி உண்டா? இத்தகைய படங்களை வீட்டாரிடம் எந்தக் கட்டத்தில் காட்டுவது முறையாக இருக்கும்?

மறுமொழி: பெரம்பூர், முப்பரிமாணக் காட்சி வேலை

வழி உண்டு. எதை மாற்ற வேண்டும் என்று சொல்வதற்கு முன்பு எது மாறக்கூடாது என்பதை மென்பொருளுக்குக் கட்டாயமாக்க வேண்டும். வாக்கியத்தில் ‘சுவரை மாற்றாதே’ என்று எழுதுவதால் பயன் இல்லை. 2022 ஆகஸ்டில் வெளிவந்த ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற படம் உருவாக்கும் ஏஐ மென்பொருள்கள் வெறும் இரைச்சலிலிருந்து படிப்படியாகப் படத்தைத் தெளிய வைப்பவை. சுவர் எதைத் தாங்குகிறது என்ற அறிவு அவற்றுக்குக் கிடையாது. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் 2023இல் கன்ட்ரோல்நெட் என்ற துணைக் கருவி வந்தது. கூடத்தின் ஆழ வரைபடத்தையோ (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று காட்டும் படம்) கோட்டு வரைபடத்தையோ உடன் கொடுத்தால், புதிய படம் பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே உருவாகும்.

கைப்பேசிப் படத்திலிருந்து ஆழத்தை ஊகிக்க விடாதீர்கள். நீங்கள் அளந்து எடுத்த அளவுகளை வைத்து ஸ்கெட்ச்அப், பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் சுவர், சன்னல், படி, கூரை மட்டும் உள்ள எளிய மாதிரி ஒன்றைக் கட்டி, ஆழ வரைபடத்தை அதிலிருந்தே எடுங்கள். பழைய படத்தைத் தொடக்கமாகக் கொடுக்கும்போது மாற்றத்தின் வலிமையை 0 முதல் 1 வரை வைக்கலாம், 0.4-க்கு அருகில் வைத்தால் அமைப்பு ஓரளவு நிலைக்கும், 0.8-க்கு மேல் போனால் வேறு வீடே வந்துவிடும். விதை எண்ணை (படம் எந்த இரைச்சலிலிருந்து தொடங்குகிறது என்பதைத் தீர்மானிக்கும் எண்) மாற்றாமல் தரையை மட்டும் ஒரு முறை, அலமாரியை மட்டும் ஒரு முறை என்று மாற்றுங்கள். அப்போதுதான் வீட்டார் எதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்கே விளங்கும். ஒரே ஒரு சுவரை மட்டும் மாற்றுவதென்றால் மறைப்பு (மாஸ்க்) போட்டு அந்தப் பகுதியை மட்டும் குறித்துக் காட்டி மாற்றுவது நல்லது.

‘இந்திய வீட்டுக் கூடம்’ என்று பொதுவாகக் கேட்டால் செதுக்கிய தூண்களும் அரண்மனைத் தோற்றமும்தான் வருகின்றன. சிவப்பு ஆக்ஸைடு தரை, குறுக்குக் கம்பி வைத்த மரச்சன்னல், சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் என்று பொருள் பொருளாகச் சொல்லுங்கள்.

மறுமொழி: புதுவண்ணாரப்பேட்டை, கட்டடக் கலைஞர்

மேலே சொன்ன முறை சரியானது. ஆனால் அந்தக் காணாமல் போன சுவரைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். மெட்ராஸ் டெரஸ் மாடியில் தேக்குக் கட்டைகளை வரிசையாகச் சுவர் மேல் ஏற்றி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களை நிமிர்த்திக் குறுக்குவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டு இடித்து இறுக்கியிருப்பார்கள். தூண் கிடையாது, சுவர்தான் எல்லாவற்றையும் தாங்குகிறது. கட்டைகளின் முனை அந்த நடுச்சுவரில் உட்கார்ந்திருந்தால், படத்தில் அழகாக விரிந்து தெரியும் கூடம் உண்மையில் மாடி கீழே இறங்கும் இடம். ஆகவே வீட்டாருக்கு முதலில் காட்ட வேண்டியது ஏஐ படத்தை அன்று. சுமை தாங்கும் சுவர்களைச் சிவப்பில் தீட்டிய தரைப்படத்தை முதலில் காட்டி, அதை அவர்கள் புரிந்துகொண்ட பிறகு மாதிரிகளைக் காட்டுங்கள்.

காற்றையும் பாருங்கள். நம் பக்கம் கோடையில் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. ஏஐ படங்களில் தொலைக்காட்சிப் பலகையை எந்தச் சுவரில் வேண்டுமானாலும் பொருத்திவிடுவார்கள். அது கிழக்குச் சன்னலை அடைத்தால் அந்த வீட்டில் மே மாதம் எப்படி இருக்கும் என்பதைப் படம் சொல்லாது. கடலோரத்தில் திறந்த நிலையில் நிற்கும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று ஐஎஸ் 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநிலை வகைப்படுத்தி, கம்பியை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மி.மீ. இருக்க வேண்டும், கான்கிரீட்டின் வலிமை குறைந்தது எம்30 தரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. முகப்பில் மெல்லிய கான்கிரீட் தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கும் மாதிரி ஒன்றை வீட்டார் விரும்பினால், இந்தக் கணக்கைச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.

இன்னொன்று. அறைகளின் அமைப்பிலேயே மாற்று வேண்டுமென்றால் படம் உருவாக்கும் கருவி அதற்கு உதவாது. அது விதிகளிலிருந்து பிறக்க வேண்டிய வேலை. 1978இல் ஜார்ஜ் ஸ்டைனி, வில்லியம் மிட்செல் என்ற இரு ஆய்வாளர்கள் 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவின் மாளிகைத் தரைப்படங்களை ஒரு விதித்தொகுப்பாக எழுதி, அந்த விதிகளிலிருந்தே புதிய தரைப்படங்களைப் பெறலாம் என்று காட்டினார்கள். உங்கள் 20 அடி மனைக்கும் அப்படியே எழுதிப் பார்க்கலாம்: முற்றம் மூடப்படக்கூடாது, படுக்கை அறை 2.4 மீட்டர் அகலத்துக்குக் குறையக்கூடாது, படியின் உயரம் 190 மி.மீ.க்கு மிஞ்சக்கூடாது. இந்த வரம்புக்குள் நீங்களே கையால் சில தரைப்படங்களைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏஐ-யிடம் தோற்றம் கேட்பதே என் பரிந்துரை.

மறுமொழி: கொருக்குப்பேட்டை, மரவேலை ஒப்பந்தம்

ஐயா, படத்தை எங்களிடம் கொண்டுவந்து ‘இதே மாதிரி செய்யுங்கள்’ என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். படம் சரியா என்று பார்க்க நான் தரையில் உள்ள டைல்ஸை எண்ணுவேன். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் போட்ட 10 அடி அகலக் கூடத்தில் குறுக்கே ஐந்துதான் வரவேண்டும். படத்தில் எட்டு இருந்தால் அது 16 அடிக் கூடம். சோபா, டீப்பாய், அலமாரி எல்லாம் அந்த 16 அடியில்தான் அடங்கியிருக்கும். வீட்டாருடன் சேர்ந்து எண்ணிக் காட்டினால் யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் விளங்கிவிடும்.

பிளைவுட் 8 அடிக்கு 4 அடியாக வருகிறது. தரையிலிருந்து கூரை வரை 10 அடிக்கு ஒரே கதவாக, இணைப்பே இல்லாமல் படத்தில் காட்டியிருப்பார்கள். நாங்கள் செய்தால் 8 அடியில் ஒரு கோடு வந்தே தீரும், மேலே பரண் கதவாகப் பிரிப்பதுதான் பார்வைக்கும் நல்லது. அந்தக் கோட்டைப் படத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். சமையலறைப் படங்களில் கேஸ் சிலிண்டர், கிரைண்டர், தண்ணீர்க் குடங்கள் மூன்றுக்கும் இடமே இருப்பதில்லை. நம் பகுதியில் குடம் வைக்க இடம் விடாத சமையலறையில் எந்த அம்மாவும் ஒரு வாரம்கூட நிம்மதியாகச் சமைக்க முடியாது. ஈரம் படும் இடத்துக்கு ஐஎஸ் 710 தரநிலை மரைன் பிளைவுட்டும் (நீரைத் தாங்கும் பிளைவுட்), கீல்களுக்கு நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வையுங்கள். உப்புக் காற்றில் மற்றவை தாங்காது.

கேட்டவர்: ராயபுரம் வரைவாளர்

மூவருக்கும் மிக்க நன்றி. சுமைச் சுவர் படத்தை முதலில் காட்டுகிறேன். டைல்ஸ் கணக்கை அந்தப் பெண்ணையே எண்ணச் சொல்லப் போகிறேன். பெரம்பூர் நண்பரிடம் ஒரு சந்தேகம். கோட்டு வரைபடம் கொடுத்து முயன்று பார்த்தேன். சுவரும் சன்னலும் நன்றாகவே நின்றன. ஆனால் முற்றத்து வாசலின் மேல் உள்ள வளைவு மட்டும் மறைந்து, சதுர வாசலாகிவிடுகிறது. பாட்டி அந்த வளைவைத் தொடக்கூடாது என்கிறார்.

மறுமொழி: பெரம்பூர், முப்பரிமாணக் காட்சி வேலை

நீங்கள் நேர்க்கோடுகளை மட்டும் கண்டறியும் எம்எல்எஸ்டி முறையைத் தேர்ந்திருப்பீர்கள். உள்ளறைகளுக்கு அது நன்றாக வேலை செய்யும், ஆனால் வளைவுகள் அதன் கண்ணில் படாது. அந்த வாசலுக்கு, வளைந்த விளிம்புகளையும் கண்டறியும் கேனி முறையைப் பயன்படுத்துங்கள். ஆழ வரைபடத்தையும் சேர்த்தே கொடுங்கள். அப்படியும் வளைவு கலைந்தால், வாசல் பகுதி முழுவதையும் மறைப்பால் விலக்கி வைத்துவிட்டு, மற்ற இடத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.