காமன் கூத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும் பாட்டு எது?

ஹட்டன்வாசி:
நம் மலையகத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தின் பாட்டுகளைப் போனில் சேர்த்து வருகிறேன். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு போன்ற மற்றக் கூத்துகள் எல்லாம் அப்புறம். சிவனின் தவத்தைக் கலைக்கப் போகாதே என்று ரதி தடுக்க, போயே தீருவேன் என்று அவள் கணவன் மதன் (காமன்) நிற்க, ஆளுக்கு ஓர் அடியாக ஏறிக்கொண்டே போகும் அந்தத் தர்க்கப் பாட்டு எனக்கு அலுப்பதே இல்லை. உங்களுக்கு எது?

பதுளைக்காரி:
ரதி புலம்பல்தான், வேறு பேச்சே இல்லை. அதுவரை உச்சத்தில் போன தப்பு மேளம், சிவனின் நெற்றிக்கண்ணால் மதன் எரிந்ததும் சட்டென்று இறங்கிவிடும், ரதி வேஷம் கட்டியவர் ஒவ்வோர் அடியின் கடைசியையும் ஒப்பாரி போல இழுத்துப் பாடுவார், லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வாசலில் உட்கார்ந்திருக்கிற ஆச்சிமாரும் கூடவே அழுவார்கள். ஆண் குரல் என்பதே மறந்துபோகும்.

தலவாக்கலை:
பாட்டு சரி, தப்பையும் கவனியுங்கள். நெருப்பில் காய்ச்சி எடுத்தவுடன் விழும் அடி கணீரென்று இருக்கும், பனியில் தோல் தளர்ந்தால் சத்தம் மந்தமாகிவிடும். பதிவு செய்கிறவர்கள் தப்புக்காரர் பக்கத்தில் நிற்கவே கூடாது, பாட்டு ஒரு சொல்லும் கேட்காது. பாடுகிறவர் பக்கம் போய் நில்லுங்கள்.

ஹட்டன்வாசி:
நன்றி அண்ணன். அக்கா, உங்களிடம் புலம்பல் முழுதாக இருந்தால் அனுப்புங்களேன், என்னிடம் இருப்பது பாதியில் நிற்கிறது.

பதுளைக்காரி:
இருக்கிறது தம்பி, இரவைக்கு அனுப்புகிறேன்.