கிறிஸ்மஸ் பரிசுக்குப் பதிலாக ஒரு குடும்பத்துக்கு உதவி: எப்படிக் கொடுப்பது?

முத்துநகர்க்காரி:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அண்ணன், அக்கா, தம்பி என்று ஐந்து குடும்பம். வருஷா வருஷம் டிசம்பர் பிறந்ததுமே சீட்டுக் குலுக்கிப் போட்டு ‘கிறிஸ்மஸ் ஃபிரண்ட்’ எடுப்போம், 24 ராத்திரி பூசை முடிந்து வந்ததும் பரிசு மாற்றிக்கொள்வோம். போன வருஷம் வந்த டின்னர் செட் இன்னும் பெட்டி பிரிக்காமலே கிடக்கிறது. இந்தத் தடவை அம்மா, அந்தப் பணத்தைப் பின்தெருவில் இருக்கிற ஒரு வீட்டுக்குக் கொடுங்கள் என்கிறார். உப்பளத்துக்குப் போகிற அக்கா, வீட்டுக்காரர் இல்லை, படிக்கிற பிள்ளைகள் இரண்டு, வயதான மாமியார். எங்கள் எல்லாருக்கும் சம்மதம்தான். ஆனால் அவர் யாரிடமும் கை நீட்டாதவர், நாங்கள் ஐந்து குடும்பமும் கேக்கும் அரிசியுமாக வாசலில் போய் நின்றால் கூசிப்போவார். பணமா, பொருளா? யார் போவது?

அளத்துப்பிள்ளை:
தங்கச்சி, அம்மா சரியான வீட்டைத்தான் காட்டியிருக்கிறார். ஐப்பசியில் மழை இறங்கினால் பாத்தி எல்லாம் தண்ணீர், அப்புறம் மழை ஓய்ந்து பாத்தியைச் சரிபண்ணி உப்பு வாருகிற வரைக்கும் கூலி கிடையாது. அரசு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் கொடுக்கிறது, அந்த அக்கா பெயர் அதில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள், இல்லையென்றால் பதிய உதவுங்கள், அது வருஷா வருஷம் நிற்கும். என் அம்மாவும் அளத்துக்குப் போனவர்தான். மார்கழியில் கம்மல் அடகுக்கடைக்குப் போகும், சித்திரைக்கு மேல்தான் திரும்பும். அரிசி கொண்டுவந்து தருவார்கள், ரேஷன் அரிசி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். எண்ணெய்க்கும் பருப்புக்கும் பஸ்ஸுக்கும்தான் காசு இருக்காது. அதனால் பணமாகக் கொடுங்கள், எதற்குச் செலவழிப்பது என்று அவருக்குத் தெரியும்.

மணப்பாட்டுக்காரி:
எங்கள் பங்குக் கோயிலில் வின்சென்ட் தே பவுல் சபையில் ரொம்ப வருஷமாக இருக்கிறேன். 1833-ல் பாரிசில் கல்லூரி மாணவர்கள் சிலர் சேர்ந்து தொடங்கிய சபை, அன்றிலிருந்தே வீடு தேடிப் போய்ப் பார்ப்பதுதான் அதன் உயிர். நாங்கள் இரண்டு பேராகத்தான் போவோம். உட்கார்ந்து பேசுவோம், மாமியாரின் மருந்து, பிள்ளையின் பரீட்சை என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கிளம்பும்போது கவரைக் கையில் கொடுப்போம். உங்கள் அம்மாவும் இன்னொருவரும் போனால் போதும். போட்டோ எடுக்கவே கூடாது, வாட்ஸாப் குழுவிலும் போட வேண்டாம். புது உடுப்பு இல்லை என்று வெட்கப்பட்டு 25 காலையில் கோயிலுக்கு வராமல் வீட்டிலேயே இருந்துவிடுகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால் துணிக்கு என்று தனியாகக் கொஞ்சம் சீக்கிரமே கொடுத்துவிடுங்கள், நிறத்தைப் பிள்ளையே பார்த்து எடுக்கட்டும். அவர்கள் ஒரு தட்டு முறுக்கு தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

ஆற்றுப்பாலம்:
நான் வேறொன்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதே, கிறிஸ்மஸுக்குச் சரியாக ஒரு வாரம் இருந்தது. நாங்கள் பரிசு, கேக், ஸ்டார் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஏரல் பக்கம் வெள்ளத்தில் பாதித்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தோம். அந்த வாரம் அவர்கள் வீட்டில் ரொட்டியும் பாயும் பழைய துணியும் வைக்க இடமில்லை. ஜனவரியில் எட்டிப் பார்க்க ஆளில்லை, அடுப்பும் பிள்ளையின் நோட்டுப் புத்தகமும் அப்போதுதான் தேவைப்பட்டது. அதனால் பாதியை இப்போதும் மீதியைப் பொங்கல் கழிந்தும் கொடுங்கள். போகும்போது உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், கொடுத்துப் பழகட்டும்.

அளத்துப்பிள்ளை:
மீதியைப் பிறகு கொடுப்பது நல்ல யோசனை அண்ணாச்சி. ஆனால் பிள்ளைகளை மட்டும் வேண்டாம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடம் என்றால், வாங்கின பிள்ளை மறுநாள் கொடுத்த பிள்ளையின் முகத்தில் எப்படி முழிக்கும்? எனக்கு அது நடந்திருக்கிறது, வகுப்பில் இடம் மாறி உட்கார்ந்தேன். வீட்டில் சொல்லிக்கொடுத்தால் போதும்.

முத்துநகர்க்காரி:
ஒரே பள்ளிக்கூடம்தான், மூத்தவள் என் மகளுக்கு ஒரு வகுப்பு மேலே. அம்மாவும் என் அக்காவும் மட்டும் போகட்டும். துணிக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே கொடுத்துவிடுகிறோம், தையல்காரர்கள் 15 தேதிக்கு மேல் துணி வாங்க மாட்டார்கள். எங்கள் வீட்டுச் சின்னதுகளுக்கு மட்டும் ஆளுக்கு ஒரு சின்னப் பரிசு உண்டு. நிவாரணத்துக்குப் பதிய என்னென்ன கொண்டு போக வேண்டும் அண்ணே?