இருபத்து நான்கு பைட்டைத் தின்றது யார்?

கோபி வாத்தியார்:
ஈரோட்டில் ஒரு டியூஷன் நிலையம் பிள்ளைகளுக்குக் கொடுத்த அச்சுத்தாள் ஒன்று என் பேரனின் பையில் கிடைத்தது. தலைப்பு ‘கணினி, இணையம்: அடிப்படைச் சொற்கள்’. பிட், பைட், நினைவகம், உலாவி, சர்வர், ஐபி முகவரி என்று வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். படித்துக்கொண்டே வந்தவன் ஏழாவது வரியில் நின்றுவிட்டேன். ‘1 கிலோபைட் = 1000 பைட்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டின் பத்தாவது அடுக்கு, 1024. மாதம் பிறந்தால் கட்டணத்தை எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த இருபத்து நான்கை மட்டும் எண்ணத் தெரியாமல் போனது எப்படி?

வடவள்ளி:
ஐயா, தாளில் பிழை இல்லை. கிலோ என்றால் ஆயிரம். கணினிக்காரர்கள்தான் 1024 ஆயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அந்தப் பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். குழப்பம் முற்றியபின் ஐஇசி என்ற உலக மின்தொழில்நுட்ப அமைப்பு 1998 டிசம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1000 பைட் என்றால் கிலோபைட், 1024 பைட் என்றால் கிபிபைட். இருபத்து நான்கை யாரும் தின்னவில்லை, அது வேறு பெயரில் குடியிருக்கிறது. சேமிப்புக் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது என் பிழைப்பு என்பதால் சொல்கிறேன்.

கோபி வாத்தியார்:
கிபியாம்! இனிமேல் கி.மு.பைட் என்று ஒன்றும் வருமா தம்பி? 1998-இல் எங்கோ கூடிப் பேசியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக, அதற்கு முன்பு நாங்கள் கற்பித்ததெல்லாம் பொய்யாகிவிடுமா? கணினிக்குத் தெரிந்தது 0, 1 இரண்டே இரண்டுதான். நினைவகச் சில்லுக்குப் பத்து முகவரிக் கம்பிகள் போகின்றன என்று வையுங்கள். ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. மொத்தம் 1024 இடங்களைச் சுட்டலாம். ஆயிரத்தோடு நிறுத்திக்கொண்டால் மிச்சமுள்ள இருபத்து நான்கு இடங்களை யாருக்குக் குத்தகைக்கு விடப்போகிறீர்கள்? 1024. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நூல்மண்டி:
திருப்பூரிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே 40-ஆம் நம்பர் நூல் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் நாற்பது இருக்கும் என்பது கணக்கு. அது என்ன 840 என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆனாலும் லாரி லாரியாக நூல் போய்க்கொண்டுதான் இருக்கிறது. படித்த நீங்கள் இருவரும் இருபத்து நான்கு பைட்டுக்கு இப்படி முட்டிக்கொள்கிறீர்கள்.

கோபி வாத்தியார்:
உங்கள் 840-ஐ ஒருவர் 820 என்று அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தால் சும்மா இருப்பீர்களா? அதே கோபம்தான் எனக்கும்.

பெருந்துறை அம்மா:
அண்ணா, என் மகளும் அந்தத் தாளை வைத்துத்தான் படிக்கிறாள். பள்ளித் தேர்வில் 1000 என்று எழுதி ஒரு மதிப்பெண் போய்விட்டது. அடுத்த தேர்வில் எதை எழுதச் சொல்வது? அதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

கோபி வாத்தியார்:
1024 அம்மணி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் 1024. பார்த்தீர்களா வடவள்ளி, உங்கள் உலக அமைப்பு ஒரு பெண்குழந்தையின் மதிப்பெண்ணைப் பறித்துவிட்டது.

வடவள்ளி:
பறித்தது உங்கள் பாடப்புத்தகம். அக்கா, தேர்வில் 1024 என்றே எழுதட்டும். வேலைக்குப் போன பிறகு 1000 என்று மாற்றிக்கொள்ளலாம்.

பெருந்துறை அம்மா:
அவள் ஒன்பதாம் வகுப்புத் தம்பி.

சிறுவாணி:
அந்தத் தாள் என்னிடமும் இருக்கிறது. இருபத்திரண்டாவது வரி ஒருவர் கண்ணிலும் படவில்லையா? ‘இணையம்: 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ கண்டுபிடித்தது’ என்று போட்டிருக்கிறது. அவர் அந்த ஆண்டு செர்ன் ஆய்வகத்தில் முன்வைத்தது வலை, அதாவது உலாவியில் நாம் பார்க்கிற பக்கங்களின் பின்னல். இணையம் என்பது கணினிகளை இணைக்கிற அடிப்படைப் பிணைப்பு. இணையம் அதற்கு மூத்தது. அதன் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் முதல் செய்தி போனது 1969 அக்டோபர் 29. இன்றைய டிசிபி/ஐபி நெறிமுறைக்கு அது மாறியது 1983 ஜனவரி 1. மின்னஞ்சலும் வலைக்கு முன்பே புழக்கத்தில் இருந்தது. குரோமைத் திறந்தால் தெரிவதுதான் இணையம் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் திருத்த ஆளில்லை, இருபத்து நான்கு பைட்டைத் தேட இத்தனை பேர்.

கோபி வாத்தியார்:
உங்களுக்கு வேண்டுமானால் தனி இழை தொடங்குங்கள் சிறுவாணி. போன தடவை ‘ஜிமெயில் இணையமா, வலையா’ என்று நீங்கள் ஆரம்பித்தது தீபாவளி வரை இழுத்தது. கடைசியில் என்னைப் ‘பழைய பஞ்சாங்கம்’ என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மறக்கவில்லை. முதலில் ஏழாவது வரி.

சிறுவாணி:
பஞ்சாங்கம் என்று மட்டும்தான் சொன்னேன். ‘பழைய’ என்பதைச் சேர்த்துக்கொண்டது நீங்கள்.

காந்திபுரம் கடைக்காரர்:
கணினிக் கடை நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு சாட்சி. ஒரு டெராபைட் வட்டு வாங்கிப் போகிறவர் மறுநாளே திரும்பி வந்து, ‘கணினி 931 ஜிபிதான் காட்டுகிறது, மீதி எங்கே’ என்று சண்டைக்கு நிற்பார். வட்டில் இருப்பது ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் அதை 1024-ஆல் மூன்று தடவை வகுத்துவிட்டு ஜிபி என்று பெயர் போடுகிறது. வட்டில் ஒரு பைட்டும் குறையவில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போய்விட்டது. இந்தத் தாள் முன்பே கையில் கிடைத்திருந்தால் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பேன்.

கோபி வாத்தியார்:
வந்துவிட்டாரா வியாபாரி! ஆயிரத்தால் யாருக்கு லாபம் என்று இப்போது விளங்குகிறதா? கிலோவில் வித்தியாசம் 2.4 சதவீதம். மெகாவில் ஏறக்குறைய ஐந்து. ஜிகாவில் ஏழைத் தாண்டுகிறது. டெராவுக்கு வந்தால் பத்தைத் தொடுகிறது. இருபத்து நான்கு பைட் தானே என்று சிரித்தவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும். அமெரிக்காவில் இதே விஷயத்துக்காக வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2006-இல் சமரசம் பேசி, வாங்கியவர்களுக்கு இலவசமாக ஒரு மென்பொருளைக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். தப்பு இல்லை என்றால் சமரசம் எதற்கு?

காந்திபுரம் கடைக்காரர்:
சமரசம் செய்தவன் எல்லாம் தப்புச் செய்தவனா? உங்கள் ஊர் வாய்க்கால் தகராறில் பங்காளியோடு சமரசக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாக நீங்களே இங்கே ஒரு தடவை எழுதியிருக்கிறீர்கள். அதற்கும் இதே பொருள்தானா?

கோபி வாத்தியார்:
வாய்க்காலை இங்கே இழுக்க வேண்டாம். அந்த மடையை அடைத்தது அவன். 1024-க்குப் பதில் சொல்லுங்கள்.

வடவள்ளி:
குற்றவாளி வட்டும் இல்லை, கடைக்காரரும் இல்லை. 1024-ஆல் வகுத்துவிட்டுக் கிபி, மெபி, ஜிபி என்ற புதிய பெயர்களைப் போடாமல் பழைய பெயரிலேயே காட்டுகிற விண்டோஸ்தான். ஆப்பிள் மேக் கணினிகள் 2009-இல் வந்த ஸ்னோ லெப்பர்டு பதிப்பிலேயே ஆயிரக் கணக்குக்கு மாறிவிட்டன. அதே வட்டை அதில் மாட்டினால் ஒரு டெராபைட் என்றே காட்டும். இணைய வேகத்தையும் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் நொடிக்குப் பத்துக் கோடி பிட். எட்டுப் பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட். அங்கே 1024 எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

கோபி வாத்தியார்:
கவனியுங்கள், தம்பி ‘ஜிபி’ என்று எழுதியிருக்கிறார். அது பழைய ஜிபியா, புதிய ஜிபியா? எழுதியவருக்காவது தெரியுமா? இதைத்தான் தீர்த்துவைத்த லட்சணம் என்கிறேன். ஆப்பிளாம்! எங்கள் பள்ளியில் எந்த ஆப்பிள் இருந்தது? சத்துணவில்கூடக் கிடையாது. நாங்கள் இருந்த கணினியை வைத்து, இருந்த புத்தகத்தை வைத்துச் சொல்லிக்கொடுத்தோம். அதில் படித்தவர்கள்தான் இன்று உங்களைப் போல மென்பொருள் எழுதுகிறார்கள்.

பவானிக்காரன்:
இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாளைத் தயாரித்தவன் நான்தான். 1000 என்று தெரிந்தேதான் போட்டேன். 5 கிலோபைட் எத்தனை பைட் என்று கேட்டால் பிள்ளைகள் உடனே 5000 என்கிறார்கள். 1024 என்றால் பேனாவைத் தேடுகிறார்கள். பெருக்குவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று போட்டது. இதற்குப் போய்ப் பேரன் பையைச் சோதனை போட்டு இத்தனை ஆர்ப்பாட்டம்.

கோபி வாத்தியார்:
கடவுளே! வாய்பாடு வராத பிள்ளைக்காகக் கணக்கையே மாற்றிவிட்டாரா இவர்? வடவள்ளியாவது ஓர் அமைப்பின் பெயரைச் சொன்னார்.

வடவள்ளி:
பவானிக்காரரே, தயவுசெய்து என் பக்கம் நின்று பேசாதீர்கள்.

பவானிக்காரன்:
உங்கள் பக்கம் நிற்கிறேன் என்று யார் சொன்னது? சம்பளம் வாங்குகிறவர்களுக்கு டியூஷன்காரன் என்றாலே இளக்காரம்தான்.

சிறுவாணி:
தாளைத் தயாரித்தவரே வந்துவிட்டது நல்லது. இருபத்திரண்டாவது வரியைத் திருத்துவீர்களா?

பவானிக்காரன்:
அதை அப்புறம் பார்க்கலாம். முதலில் ஏழாவது வரி முடியட்டும்.

நூல்மண்டி:
என் மேசையில் பழைய பிளாப்பி வட்டு ஒன்று கிடக்கிறது. மேலே 1.44 எம்பி என்று இருக்கிறது. அதில் கொள்வது 14,74,560 பைட். வடவள்ளி கணக்கில் வகுத்தால் 1.47 வருகிறது. வாத்தியார் கணக்கில் வகுத்தால் 1.41. ஒரு தடவை 1000-ஆலும் ஒரு தடவை 1024-ஆலும் வகுத்தால்தான் 1.44 வருகிறது. ஆக, இருவரையும் நம்பாமல்தான் அந்தக் காலத்தில் சரக்கை விற்றிருக்கிறார்கள்.

கோபி வாத்தியார்:
பிளாப்பி செத்துப்போய்விட்டது. செத்ததைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

வடவள்ளி:
இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஐயா சொல்வதோடு சேர்ந்துகொள்கிறேன். பிளாப்பி வேண்டாம்.

சிறுவாணி:
சரி, ஆறாவது வரிக்காவது வாருங்கள், ஏழுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ‘ஓர் எழுத்து = ஒரு பைட்’ என்கிறது தாள். அது ஆங்கில எழுத்துக்கு. எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்ற இணையத்தில் இன்று பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். புள்ளிக்குத் தனியாக மூன்று, கொம்போ காலோ, இரண்டும் சேர்ந்தோ வந்தால் அதற்குத் தனியாக மூன்று. ‘கொங்கு’ என்று எழுதினால் பதினெட்டு பைட். ‘கோவை’ பன்னிரண்டு, ‘ஈரோடு’ பதினைந்து.

பெருந்துறை அம்மா:
கோவையைவிட ஈரோடு பெரியதா? என் மகளிடம் சொன்னால் சந்தோஷப்படுவாள்.

காந்திபுரம் கடைக்காரர்:
பைட்டை வைத்து ஊரை அளக்கிற கூட்டத்தை இங்கேதான் பார்க்கிறேன். ‘கோயம்புத்தூர்’ என்று முழுப்பெயரை எழுதிவிட்டு எண்ணிப் பாருங்கள்.

நூல்மண்டி:
திருப்பூருக்கு முப்பது. சும்மா சொல்லிவைத்தேன்.

கோபி வாத்தியார்:
முப்பதா? நல்லது. அப்படியானால் என் கிலோபைட்டில் திருப்பூரை முப்பத்து நான்கு தடவை எழுதலாம். வடவள்ளியின் கிலோபைட்டில் முப்பத்து மூன்றோடு நின்றுவிடும். ஒரு முழுத் திருப்பூரைக் காணவில்லை. நூல்மண்டிக்காரரே, இப்போதாவது ரோஷம் வருகிறதா?

வடவள்ளி:
சொற்களுக்கு நடுவில் இடைவெளிக்கு ஒவ்வொரு பைட் போகும் ஐயா. அதைச் சேர்த்தால் உங்களுக்கும் முப்பத்து மூன்றுதான்.

கோபி வாத்தியார்:
அதே இடைவெளியைச் சேர்த்தால் உமக்கு முப்பத்திரண்டு. போட்டுப் பாரும்.

பவானிக்காரன்:
இனி என்னால் முடியாது. அடுத்த தாளில் இரண்டுக்கும் நடுவில் 1012 என்று போட்டுவிடுகிறேன். இருவரும் சேர்ந்து திட்டுங்கள்.

கோபி வாத்தியார்:
போட்டுத்தான் பாருங்களேன். புத்தகத்தோடு நாளைக் காலை உங்கள் நிலையத்துக்கு நேரில் வருகிறேன்.

பவானிக்காரன்:
நாளை ஞாயிறு, விடுமுறை. திங்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வாருங்கள்.