குழந்தைகளோடு சேர்ந்து ஒரு கதைப் புத்தகம்

கேள்வி (காசிமேடு):
ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைப் பற்றி, எங்கள் மாலை வகுப்புக் குழந்தைகளோடு சேர்ந்து ஒரு கதைப் புத்தகம் உருவாக்கி வருகிறோம். அவர்கள் சொல்வதை நாங்கள் எழுதும்போது அது எங்கள் கதையாகிவிடுகிறது. இதை எப்படித் தவிர்ப்பது?

பதில் (வியாசர்பாடி):
அவர்கள் சொல்லச் சொல்ல அதே சொற்களில் எழுதி, உடனே உரக்க வாசித்துக் காட்டுங்கள். ‘வலை கிழிந்தது’ என்று நான் எழுதியதை, ‘கிழியல, நண்டு கடிச்சிடுச்சு’ என்று ஒரு சிறுமி திருத்தினாள். அந்த வரிதான் புத்தகத்தில் நிற்கிறது. எழுத்துப்பிழையைத் திருத்தலாம், பேச்சு வழக்கில் கை வைக்க வேண்டாம். (ஆசிரியர்களுக்கு இது கடினம், நானும் ஆசிரியர்தான்.)

பதில் (தண்டையார்பேட்டை):
பக்கங்களையும் கவனியுங்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக நடுவில் மடித்து, மடிப்பில் ஸ்டேப்ளர் பின் அடித்தால் 16 பக்கங்கள் கிடைக்கும். ஆனால் விரித்த தாளில் 16ஆம் பக்கமும் 1ஆம் பக்கமும் அருகருகே வரும் என்பதால், வெற்றுத்தாளில் மாதிரி மடித்து எண்ணிட்ட பிறகே படம் வரையச் சொல்லுங்கள். அதைச் செய்யாததால் எங்கள் படகின் முன்பாதி ஒரு பக்கத்திலும் பின்பாதி வேறொரு பக்கத்திலும் போய் நின்றது. பெரிய படத்துக்கு, நடுவில் ஒரே தாளில் அருகருகே வரும் 8, 9ஆம் பக்கங்களே ஏற்றவை.

கேட்டவர்:
நன்றி. அட்டையில் குழந்தைகளின் பெயர்களை முதலில் போட்டு, எங்களை ‘எழுத உதவியவர்கள்’ என்று கடைசியில் சேர்க்கிறோம்.